சிதறிக் கிடக்கும் பதிவுகளும் அவசர சிகிச்சையும்

அவசர சிகிச்சை என்றதும் எமது மனதில் எழுவன அம்புலன்ஸ் வண்டி, ஒட்சிசன், சத்திர சிகிச்சைக் கூடம், போதிய வைத்தியர்கள் என்பனவே. கிராம அபிவிருத்திச் சங்கங்கள் மேலிடங்களுக்கு எழுதும் மனுக்களிலும் இவையே இடம்பெறுகின்றன. இவை அவசியமானவைதாம். ஆயினும் இன்னொரு செல்வம் எமது வைத்தியசாலைகளில் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது. அதுதான் பதிவு. நோயாளி எங்கிருந்து வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், என்ன செய்யப்பட்டது, பிழைத்தாரா, இறந்தாரா என்பதெல்லாம் எங்கோ ஒரு பதிவேட்டில் யாரோ ஒருவரால் எழுதப்பட்டே இருக்கின்றது. ஒன்றோடொன்று சேராமல் கிடப்பதால் அது பயன்படாமற் போகிறது.

இப்பதிவுகளை ஒன்று சேர்த்தால் என்ன நடக்கும்? சேர்ப்பதில் என்ன ஆபத்து உண்டு? கிராமத்தில் இருக்கும் எமக்கு இதில் என்ன வேலை? இம்மூன்று வினாக்களையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. ஒரு நோயாளி, ஆறு பதிவுகள்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மாலை ஐந்து மணிக்கு வயலில் நின்ற கமக்காரர் ஒருவருக்கு நெஞ்சு நோகிறது. வீட்டார் 1990 இலக்கத்துக்கு அழைக்கிறார்கள். அழைப்பு வந்த நேரமும் வண்டி புறப்பட்ட நேரமும் அங்கே பதியப்படுகின்றன. அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையில் அவரது பெயர் ஒரு புத்தகத்தில் ஏறுகிறது. அங்கிருந்து துண்டு எழுதி ஆதார வைத்தியசாலைக்கு மாற்றுகிறார்கள். அங்கே மறுபடியும் பெயர், வயது, முகவரி, புதிய இலக்கம், விடுதியில் புதிய குறிப்பேடு. சுகமானால் வீட்டுக்குப் போகும்போது ஒரு நோய் நிர்ணய அட்டை, பிறகு கிளினிக் கொப்பி. இறந்துபோனால் பதிவாளரிடம் ஒரு மரணப் பதிவு.

ஒரு மனிதர், ஆறு பதிவுகள். வண்டியில் வந்த உதவியாளருக்குத் தாம் கொண்டுபோய் விட்டவர் பிழைத்தாரா என்பது தெரியாது. பிரதேச வைத்தியசாலை வைத்தியருக்குத் தாம் மாற்றி அனுப்பியது சரியா, ஒரு மணித்தியாலம் முந்தி அனுப்பியிருக்க வேண்டுமா என்பது தெரியாது. வீட்டுக்கு அனுப்பிய வைத்தியருக்கு அந்த நோயாளி பத்து நாட்களில் வேறொரு வைத்தியசாலையில் இறந்தது தெரியாது. ஒவ்வொருவரும் தம் கடமையைச் சரியாகவே செய்திருக்கலாம். ஆனால் தம் வேலையின் முடிவைக் காணாதவர் தம் வேலையைத் திருத்திக்கொள்ள முடியாது.

எண்ணிக்கையும் இதனாற் பிழைக்கிறது. எமது நாட்டில் விடுதியில் தங்கிச் சிகிச்சை பெற்றோர் பற்றிய விபரங்களை வைத்தியசாலைகள் ஒழுங்காகச் சுகாதார அமைச்சுக்கு அனுப்புகின்றன. அது பாராட்டத்தக்க நீண்டகாலப் பழக்கம். ஆனால் அங்கே எண்ணப்படுவது அனுமதிகள், ஆட்கள் அல்லர். ஒருவர் ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டால் அவர் இரண்டு அனுமதிகளாகிறார். பாம்பு கடித்தவரும் நஞ்சருந்தியவரும் அடிக்கடி மாற்றப்படுவோர் ஆதலால், அவர்களைப் பற்றிய கணக்கே கூடுதலாகக் குழம்புகிறது.

2. இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

பதிவுகளை இணைத்தல் கணனிக் காலத்துக் கண்டுபிடிப்பு அன்று. ஐக்கிய அமெரிக்காவில் பிறப்பு இறப்புப் புள்ளிவிபரங்களுக்குப் பொறுப்பாக இருந்த ஹல்பேர்ட் டன் என்பவர் 1946 இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதற்குப் பெயரிட்டு விளக்கினார். பிறப்பு முதல் இறப்பு வரை ஒருவரைப் பற்றி எழுதப்படும் தாள்களை ஒரு புத்தகமாகக் கட்டுவதற்கு அவர் இதனை ஒப்பிட்டார். 1959 இல் கனடாவைச் சேர்ந்த ஹவார்ட் நியூகொம்ப் என்னும் பிறப்புரிமையியல் அறிஞர், விவாகப் பதிவுகளையும் பிறப்புப் பதிவுகளையும் கணனி கொண்டு பொருத்திக் காட்டினார். 1969 இல் அதே நாட்டின் புள்ளிவிபரவியலாளர்களான ஐவன் பெலெகியும் அலன் சன்டரும் இம்முறைக்குரிய கணித அடிப்படையை வகுத்தார்கள். இன்றும் உலகெங்கும் பயன்படுவது அந்த அடிப்படையே.

இங்கிலாந்தில் டொனால்ட் அச்செசன் என்னும் வைத்தியர் 1962 இல் ஒக்ஸ்போர்ட் பிரதேசத்தில் வைத்தியசாலைப் பதிவுகளைப் பிறப்பு, இறப்புப் பதிவுகளோடு இணைக்கத் தொடங்கினார். பின்னாளில் ஸ்கொத்லாந்து, மேற்கு அவுஸ்திரேலியா, வேல்ஸ் முதலிய இடங்கள் தமது சனத்தொகை முழுவதற்கும் இவ்வாறான இணைப்புகளை ஏற்படுத்தின. அவசர சிகிச்சைக்கு இதனைப் பயன்படுத்துவது பிந்தி வந்த வளர்ச்சியாகும். அம்புலன்ஸ் பதிவு, விபத்துப் பிரிவுப் பதிவு, விடுதிப் பதிவு, மரணப் பதிவு ஆகிய நான்கையும் ஒரு சங்கிலியாகக் கோர்ப்பதே அதன் சாரம்.

3. எவ்வாறு இணைக்கிறார்கள்?

எளிய வழி, ஒவ்வொருவருக்கும் ஒரே இலக்கம். ஸ்கொத்லாந்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் பத்து இலக்கங்கள் கொண்ட சுகாதார எண் உண்டு. முதல் ஆறும் பிறந்த திகதி, மாதம், வருடம். ஒன்பதாவது இலக்கம் ஒற்றையாயின் ஆண், இரட்டையாயின் பெண். பத்தாவது இலக்கம் சோதனைக்குரியது. எழுதும்போது ஓர் இலக்கம் தவறினால் கணனி அதனைக் கண்டுபிடிக்கும். எமது தேசிய அடையாள அட்டை இலக்கமும் இதே போன்றதுதான். பழைய அட்டையில் முதல் இரண்டும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களாயின் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆனால் எமது அட்டை சிறுபிள்ளைகளுக்கு இல்லை. மயங்கிக் கிடப்பவரின் சட்டைப் பையிலும் அது இருப்பதில்லை.

இலக்கம் இல்லாதபோது பெயர், பிறந்த திகதி, பால், முகவரி என்பவற்றைக் கொண்டு பொருத்த வேண்டும். இது எவ்வளவு சிக்கலானது என்பது எமக்கு நன்றாகத் தெரியும். ஒரே பெண் ஓரிடத்தில் தகப்பனின் பெயரோடும் இன்னோரிடத்தில் கணவனின் பெயரோடும் பதியப்படுகிறார். ‘ஜெயந்தி’ என்பது ‘ஜயந்தி’ ஆகிறது. தமிழ்ப் பெயரைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதும்போது மூன்று வடிவங்கள் பிறக்கின்றன. முதியவரின் வயதோ, கூட வந்தவர் மதிப்பிட்டுச் சொன்ன வயது.

நியூகொம்பும் அவருக்குப் பின் வந்தோரும் இதற்குக் கண்ட வழி, ஒவ்வோர் ஒற்றுமைக்கும் ஒரு நிறை கொடுப்பதாகும். இரண்டு பதிவுகளிலும் ‘ஆண்’ என்று இருந்தால் அது பெரிய சான்று அன்று. உலகில் பாதிப் பேர் ஆண்கள். இரண்டிலும் ‘செல்வராசா’ என்று இருந்தால் சற்றுக் கூடிய சான்று. எவரும் வைக்காத அபூர்வமான ஒரு பெயர் இரண்டிலும் இருந்தால் அது பெரிய சான்று. பிறந்த திகதியும் ஒத்தால் மேலும் பெரிது. இந்நிறைகளைக் கூட்டிப் பார்த்து, குறித்த அளவைத் தாண்டினால் ‘இருவரும் ஒருவரே’ என்றும், மிகக் குறைந்தால் ‘வேறானவர்கள்’ என்றும், நடுவில் நின்றால் ‘ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்யட்டும்’ என்றும் வகுக்கிறார்கள். எமது கிராம அலுவலர் வாக்காளர் இடாப்பைச் சரிபார்க்கும்போது மனதிற் செய்யும் வேலையே இது. கணனி அதனை இலட்சக்கணக்கான பதிவுகளுக்குச் செய்கிறது.

இதிலும் தவறு நேரும். இருவரை ஒருவராக்கினால், ஒருவரின் ஒவ்வாமை இன்னொருவரின் கணக்கில் ஏறும். ஒருவரை இருவராக்கினால், மரணம் எவர் கணக்கிலும் ஏறாமற் போகும். பெயர் ஒழுங்காகப் பதியப்படாதவர்கள் பெரும்பாலும் ஏழைகள், இடம்பெயர்ந்தோர், தோட்டத் தொழிலாளர், வேறு மொழி பேசுவோர் என்பதால் இணைப்பில் விடுபடுவோரும் அவர்களே. இதனை நாம் மறந்துவிடக்கூடாது.

4. ஸ்கொத்லாந்து: இதயம் நின்றவர்களின் கணக்கு

வீட்டிலோ வீதியிலோ ஒருவரின் இதயம் திடீரென நின்றுவிட்டால், நிமிடங்களே உயிரைத் தீர்மானிக்கின்றன. பக்கத்தில் நிற்பவர் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தால் பிழைக்கும் வாய்ப்புக் கூடுகிறது. ஸ்கொத்லாந்தில் அம்புலன்ஸ் சேவை தன் பதிவை வைத்திருந்தது. வைத்தியசாலைகள் தம் பதிவை வைத்திருந்தன. மரணப் பதிவாளர் தம் பதிவை வைத்திருந்தார். ஆனால் வெளியிடத்தில் இதயம் நின்றவர்களில் எத்தனை பேர் ஒரு மாதத்தின் பின் உயிரோடு இருக்கிறார்கள் என்ற எளிய வினாவுக்கு இவற்றுள் எதுவும் தனித்து விடை தரவில்லை.

2015 இல் அந்நாட்டு அரசு இதற்கெனத் திட்டம் ஒன்றை வெளியிட்டது. ஐந்து வருடங்களில் ஐந்து இலட்சம் பேருக்கு நெஞ்சழுத்த முதலுதவி பயிற்றுவது அதன் ஒரு நோக்கம். பதிவுகளை இணைத்து முடிவுகளை அளப்பது அதன் இன்னொரு பகுதி. தொடக்கத்தில் சிகிச்சை முயற்சிக்கப்பட்டோரில் ஏறத்தாழ இருபதில் ஒருவரே பிழைத்தார். 2018-19 காலப்பகுதிக்கான அறிக்கையில் அது ஏறத்தாழப் பத்தில் ஒருவராக உயர்ந்திருந்தது. வழியிற் சென்றோர் முதலுதவி செய்த சந்தர்ப்பங்கள் நூற்றுக்கு 64 ஆக இருந்தன. அளவிடாதிருந்தால் இந்த முன்னேற்றத்தை எவரும் அறிந்திருக்க முடியாது. எதனால் வந்தது என்று ஆராய்ந்திருக்கவும் முடியாது.

இன்னொரு செய்தியும் அந்த இணைப்பிலிருந்து வெளிப்பட்டது. வறிய பகுதிகளில் வாழ்வோருக்கே இதயம் நிற்பது அதிகம். அவர்கள் வயதில் இளையவர்கள். அவர்களே பிழைப்பதும் குறைவு. அம்புலன்ஸ் பதிவை மட்டும் பார்த்திருந்தால் இந்த அநீதி கண்ணுக்குப் புலப்பட்டிராது. வசிப்பிடம், நிகழ்வு, முடிவு ஆகிய மூன்றும் ஒரே வரியில் வந்தபோதே அது தெரிந்தது. அதன் பின்னரே, பயிற்சியை எங்கே முதலில் கொண்டுசெல்ல வேண்டும் என்று கேட்க முடிந்தது.

இங்கிலாந்திலும் இதனையொத்த பாடம் உண்டு. அங்கே பல வருடங்களாக அம்புலன்ஸ் சேவையின் தரம், எட்டு நிமிடங்களுக்குள் வண்டி போய்ச் சேர்ந்ததா என்பதைக் கொண்டே அளக்கப்பட்டது. எட்டாம் நிமிடத்தில் போய்ச் சேர்ந்து நோயாளி இறந்தால் அது வெற்றி. ஒன்பதாம் நிமிடத்தில் சேர்ந்து அவர் பிழைத்தால் அது தோல்வி. ஷெபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அம்புலன்ஸ் பதிவுகளை வைத்தியசாலை, மரணப் பதிவுகளோடு இணைத்து, நோயாளிக்கு இறுதியில் என்ன நேர்ந்தது என்பதை அளவுகோலாக்கும் வழிகளை ஆராய்ந்தார்கள். 2017 இல் அந்நாடு தன் நேர இலக்குகளையே மாற்றியமைத்தது. அழைப்பாளரிடம் சற்றுக் கூடுதலாக விசாரித்து, உண்மையில் உயிராபத்தில் இருப்பவருக்கு வண்டியை முதலில் அனுப்புவதே அம்மாற்றத்தின் கருத்து.

5. எமது மண்ணின் பாடம்: பீடைகொல்லியும் உயிரிழப்பும்

இவை பணக்கார நாடுகளின் கதைகள், எமக்கு எட்டாதவை என்று சிலர் எண்ணலாம். ஆனால் உலகமே எடுத்துக்காட்டாகக் கூறும் ஒரு பாடம் எமது வரண்ட வலயத்து வைத்தியசாலைகளிலிருந்தே பிறந்தது.

1995 இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை மரணங்கள் நிகழ்ந்தன. அப்போது உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் அதுவும் ஒன்று. பெரும்பாலானோர் வயலுக்குத் தெளிக்கும் மருந்தையே அருந்தினார்கள். இவர்களிற் பலர் சாவதற்கென நீண்டகாலம் திட்டமிட்டவர்கள் அல்லர். கோபத்தில், கடனில், அவமானத்தில், ஒரு கண நேரக் குழப்பத்தில் கையில் அகப்பட்டதை எடுத்தவர்கள். அந்தக் கணத்தில் வீட்டில் இருந்த போத்தல் எது என்பதே அவர்களின் விதியைத் தீர்மானித்தது.

2002 முதல் அநுராதபுரம், பொலன்னறுவை ஆகிய இடங்களின் பெரிய வைத்தியசாலைகளில் இலங்கை வைத்தியர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு பதிவை ஆரம்பித்தார்கள். அருந்தியது எந்த இரசாயனம், எப்போது அருந்தினார், எப்போது வந்தார், என்ன குணங்குறிகள், என்ன சிகிச்சை, என்ன முடிவு என்பன ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே கோவையில் சேர்க்கப்பட்டன. 2008 வரை 9,302 பேரின் விபரம் இவ்வாறு திரண்டது. இது கணனி பெயர் பொருத்திய இணைப்பு அன்று. விடுதிக்கு விடுதி நடந்து மனிதர்கள் செய்த இணைப்பு. தத்துவம் ஒன்றே.

கிடைத்த விடை பலருக்கு வியப்பளித்தது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று கருதப்பட்டு ஒரே விதமாகச் சிகிச்சையளிக்கப்பட்ட பீடைகொல்லிகள் உண்மையில் ஒன்றுபோல் இருக்கவில்லை. 2005 இல் வெளியான ஆய்வு ஒன்றில், குளோர்பைரிபொஸ் அருந்தியோரில் நூற்றுக்கு 8 பேர் இறக்க, டைமெதோவேட் அருந்தியோரில் நூற்றுக்கு 23 பேர் இறந்திருந்தார்கள். பென்தியன் அருந்தியோரில் இது 16. வந்தவுடன் நலமாகத் தோன்றிய சிலருக்குப் பிந்தியே சுவாசம் நின்றது என்பதும் வெளிப்பட்டது. ஆகவே முதல் நாள் நன்றாக இருக்கிறார் என்று கண்காணிப்பைத் தளர்த்தக்கூடாது என்பது அவசர சிகிச்சைக்குக் கிடைத்த நேரடிப் பாடம். பரக்குவாட் என்னும் களைநாசினி அருந்தி வந்தோரில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் இறந்தார்கள். எந்த வைத்தியமும் அவர்களுக்குப் போதுமான உதவியாக அமையவில்லை.

விடுதிக்குள் தீராத பிரச்சினை விடுதிக்கு வெளியே தீர்க்கப்பட வேண்டும் என்பதை இக்கணக்குகள் தெளிவாக்கின. அதற்கு முன்னரே 1984, 1995, 1998 ஆகிய வருடங்களில் மிகக் கொடிய சில பீடைகொல்லிகள் தடைசெய்யப்பட்டிருந்தன. 2008 முதல் 2011 வரையான காலத்தில் பரக்குவாட், டைமெதோவேட், பென்தியன் ஆகிய மூன்றும் படிப்படியாக நீக்கப்பட்டன. 2011 இல் இலட்சத்துக்கு 18.3 ஆக இருந்த தற்கொலை வீதம் 2015 இல் 14.3 ஆகக் குறைந்தது. நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வருவோரின் தொகை அதே வேகத்தில் குறையவில்லை. இறப்போரின் தொகையே குறைந்தது. அதாவது அதே துயரம், அதே கோபம், அதே அவசரம் இருந்தும், திரும்பி வீட்டுக்குப் போய் வாழ்வைத் தொடர்ந்தோர் அதிகமானார்கள். முந்திய தடைகளால் நெல் விளைச்சல் குறைந்ததாக ஆய்வுகள் காணவில்லை என்பதையும் கமக்காரர் அமைப்புகள் கவனிக்க வேண்டும்.

மனம் சோர்ந்தோர் பேசுவதற்கென 1926 என்னும் தேசிய மனநலத் தொலைபேசி இலக்கம் உண்டு. அதனைச் சங்கக் கட்டிடங்களிலும் உரக் கடைகளிலும் எழுதி வைப்பது நல்லது.

6. பெயர் இல்லாமலும் பயன் உண்டு

எல்லா இணைப்புக்கும் பெயர் வேண்டியதில்லை. வேல்ஸ் நாட்டின் கார்டிப் நகரில் ஜொனதன் ஷெப்பர்ட் என்னும் முகச் சத்திர சிகிச்சை நிபுணர், அடிபட்டுக் காயத்தோடு வருவோரில் பலர் பொலிசாரிடம் முறையிடுவதில்லை என்பதைக் கண்டார். பொலிஸ் கணக்கிலே அச்சம்பவங்கள் இல்லை. ஆகவே விபத்துப் பிரிவின் வரவேற்பு மேசையில் மூன்று வினாக்கள் சேர்க்கப்பட்டன: எங்கே, எப்போது, எதனால்? பெயர் நீக்கிய இவ்விபரம் மாதந்தோறும் பொலிசாருக்கும் மாநகர சபைக்கும் வழங்கப்பட்டது. எந்த வீதியில், எந்த மதுபானக் கடையருகில், எந்த நேரத்தில் என்பது தெரிந்தவுடன் காவலும் ஒழுங்கும் அங்கே திருப்பப்பட்டன. வன்செயலால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டோர் ஒரு இலட்சம் பேருக்கு மாதம் ஏழிலிருந்து ஐந்தாகக் குறைந்தனர். ஒப்பிட்ட மற்ற நகரங்களில் ஐந்திலிருந்து எட்டாகக் கூடினர். இம்முடிவு 2011 இல் வெளியானது.

எமது வீதிகளில் எந்த வளைவில் மோட்டார் சைக்கிள்கள் மோதுகின்றன, எந்தக் குளக்கட்டில் பிள்ளைகள் விழுகிறார்கள் என்பதை அறிவதற்கும் இதே மூன்று வினாக்கள் போதும்.

7. எச்சரிக்கைகள்

முதலாவது, நம்பிக்கை. இங்கிலாந்தில் குடும்ப வைத்தியர்களின் பதிவுகளை ஓரிடத்தில் சேர்க்கும் பெருந்திட்டம் ஒன்று 2013 இல் அறிவிக்கப்பட்டது. யார் பார்ப்பார்கள், யாருக்கு விற்கப்படும், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்பவை மக்களுக்குத் தெளிவாக விளக்கப்படவில்லை. எதிர்ப்பு வலுத்து 2016 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. நல்ல நோக்கம் மட்டும் போதாது. மக்களைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

போர்க்காலத்தைக் கடந்து வந்த எமது மக்களுக்குப் பட்டியல் என்றாலே அச்சம் உண்டு. வீட்டில் எத்தனை பேர், அவர்கள் எங்கே போனார்கள் என்று எழுதப்பட்ட தாள்கள் எதற்கெல்லாம் பயன்பட்டன என்பது பலரின் நினைவில் உள்ளது. ஆகவே காயத்தைப் பற்றிக் கேட்கும்போது மௌனமாகும் மனிதரைக் குறைகூற முடியாது. சுகாதாரப் பதிவு சுகாதாரத்துக்கு மட்டுமே என்ற உறுதியைச் சட்டமும் நடைமுறையும் தரவேண்டும். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் எமது நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேற்றப்பட்டது. அதனைப் பற்றிக் கிராம மட்டத்தில் அறிவூட்டுவது எமது கடமைகளுள் ஒன்று.

வேல்ஸ் நாட்டில் பின்பற்றும் முறை இங்கு கவனிக்கத்தக்கது. பெயரும் முகவரியும் ஓர் அலுவலகத்துக்குப் போகின்றன; நோயும் சிகிச்சையும் இன்னோர் இடத்துக்குப் போகின்றன. முதல் அலுவலகம் பெயருக்குப் பதிலாக ஒரு மறை இலக்கத்தை வழங்குகிறது. நோயை ஆராய்பவர் பெயரை அறியார். பெயரை அறிந்தவர் நோயை அறியார். இரண்டு பூட்டுப் போட்ட பெட்டகம் போன்றது இது.

இரண்டாவது, பதிவில் வராதவர்கள். வைத்தியசாலையின் வாசலுக்கு வராதவரை வைத்தியசாலைப் பதிவு அறியாது. 2012-13 இல் நாடு தழுவிய முறையில் வீடு வீடாகச் சென்று செய்யப்பட்ட பாம்புக்கடி ஆய்வு ஒன்று, ஒரு வருடத்தில் ஏறத்தாழ 80,000 பேர் கடிபடுவதாகவும் 400 பேருக்கு மேல் இறப்பதாகவும் மதிப்பிட்டது. விஷகடி வைத்தியரிடம் மட்டும் சென்றவர்களும் வீட்டிலேயே இருந்தவர்களும் அதனால்தான் கணக்கில் வந்தார்கள். எத்தனை பதிவை இணைத்தாலும் இடையிடையே வீட்டுக் கதவையும் தட்டத்தான் வேண்டும்.

மூன்றாவது, தீர்ப்பிடும் மனம். அவசரமில்லாத காரணத்துக்காக விபத்துப் பிரிவுக்கு வருவோர் பற்றி யோர்க்ஷயர் பிரதேசத்தின் இணைந்த பதிவுகளைக் கொண்டு ஷெபீல்ட் ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, அத்தகையோர் இளையோரிலும், வழமையான வேலை நேரத்துக்குப் புறம்பாக வருவோரிலும் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். இதனை ‘பொறுப்பற்றவர்கள் கூட்டம் சேர்க்கிறார்கள்’ என்றும் வாசிக்கலாம். ‘அந்த நேரத்தில் வேறெந்தக் கதவும் அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை’ என்றும் வாசிக்கலாம். கூலி வேலை முடிந்து இரவில் பிள்ளையைத் தூக்கி வரும் தாயை நினைத்தால் எவ்வாறு வாசிக்க வேண்டும் என்பது விளங்கும்.

8. நாம் எங்கே நிற்கிறோம்?

எமது நாட்டில் 1990 இலவச அம்புலன்ஸ் சேவை 2016 ஜூலையில், இந்திய அரசின் உதவியோடு, மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் ஆரம்பமானது. 2018 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, பின் எல்லா மாகாணங்களுக்கும் விரிந்தது. கணனி வசதியுள்ள வைத்தியசாலைகளில் நோயாளருக்குத் தனிநபர் சுகாதார இலக்கம் வழங்கும் முறையும் உண்டு. அம்புலன்ஸ் பதிவும் வைத்தியசாலைப் பதிவும் ஒரே இலக்கத்தில் சந்திக்கும் நாளில், ஸ்கொத்லாந்து கேட்ட அதே வினாவை நாமும் கேட்கலாம்.

கையால் செய்யும் இணைப்பில் எமது நாடு முன்னோடி என்பதையும் சொல்ல வேண்டும். குழந்தையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேடு தாயின் கையிலேயே இருக்கிறது. கர்ப்பிணித் தாயின் அட்டையும் அவ்வாறே. குடும்பநல உத்தியோகத்தர், கிளினிக், பிரசவ விடுதி ஆகிய மூன்றையும் இணைப்பது அந்த அட்டைதான். தாய் ஒருவர் இறந்தால் கிராமத்திலும் வைத்தியசாலையிலும் என்ன நடந்தது என்பதை இரு தரப்பினரும் ஒன்றாக அமர்ந்து ஆராயும் வழக்கமும் உண்டு. இதனை மற்ற அவசர நோய்களுக்கும் விரிவாக்க முடியாதா?

9. கிராமத்தில் செய்யக்கூடியவை

அ. குடும்பக் கோவை: வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் கிளினிக் கொப்பி, நோய் நிர்ணய அட்டை, குடிக்கும் மருந்துகளின் பெயர், ஒவ்வாமை என்பவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டு, எல்லோரும் அறிந்த ஓரிடத்தில் தொங்கவிடுங்கள். அவசரத்தில் ஓடும்போது முதலில் எடுக்க வேண்டியது அது.

ஆ. ஒரே பெயர்: அடையாள அட்டையில் உள்ளவாறே பெயரையும் பிறந்த திகதியையும் எல்லா இடத்திலும் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழில் உள்ளவாறு சொல்லுங்கள்.

இ. மூன்று நேரங்கள்: நோய் தொடங்கிய நேரம், உதவிக்கு அழைத்த நேரம், வாகனம் புறப்பட்ட நேரம். ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால் போதும். நஞ்சு எனின் போத்தலையோ லேபலையோ கொண்டு செல்லுங்கள். பாம்பு எனின் அதனைப் பிடிப்பதில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஈ. சங்கக் கொப்பி: மாதர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ ஒரு கொப்பி வைத்து, ஊரில் நிகழும் அவசர நிகழ்வுகளின் திகதி, நேரம், இடம், வகை, வாகனம் கிடைக்க எடுத்த நேரம் என்பவற்றைக் குறிக்கலாம். பெயர் எழுதக்கூடாது. நஞ்சருந்தியோர், அடிபட்ட பெண்கள் ஆகியோர் விடயத்தில் இடத்தையும் துல்லியமாக எழுதக்கூடாது. சிறிய ஊரில் இடமே பெயரைச் சொல்லிவிடும்.

உ. ஆறு மாதத்துக்கு ஒரு முறை: இக்கொப்பியைச் சுகாதார வைத்திய அதிகாரியுடனும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருடனும் அமர்ந்து வாசியுங்கள். ‘எமக்கு அம்புலன்ஸ் வேண்டும்’ என்னும் மனுவை விட, ‘கடந்த ஆறு மாதத்தில் இரவு எட்டு மணிக்குப் பின் நிகழ்ந்த அவசரங்களில் இத்தனை பேருக்கு வாகனம் கிடைக்க இவ்வளவு நேரம் எடுத்தது’ என்னும் மனு வலிமையானது. அதிகாரிகளுக்கும் அது உதவியாக அமையும். மேலிடத்தில் கேட்பதற்கு அவர்களுக்கும் ஆதாரம் வேண்டும்.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. எமது ஊரில் கடைசியாக நிகழ்ந்த அவசர நோய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்நோயாளியைப் பற்றி எத்தனை இடங்களில் பதியப்பட்டது? எந்த இடத்தில் செய்தி அறுந்துபோனது?

2. எமது மக்கள் தம் விபரங்களைக் கொடுக்கத் தயங்குவது எந்தச் சந்தர்ப்பங்களில்? அத்தயக்கம் நியாயமானதா? அதனைப் போக்க யார் என்ன உறுதி தரவேண்டும்?

3. எமது வீடுகளிலும் வயல்களிலும் பீடைகொல்லிகள் எங்கே, எவ்வாறு வைக்கப்பட்டிருக்கின்றன? அவற்றில் எவற்றைப் பாவிக்காமல் விடலாம்?

4. எமது கொப்பியில் இடம்பெறாமல் விடுபடக்கூடியவர்கள் யார்? அவர்களின் வீட்டுக் கதவை யார் தட்டுவது?

5. அடுத்த கூட்டத்துக்கு முன் எத்தனை வீடுகளில் குடும்பக் கோவை தொங்கும்? பொறுப்பேற்பவரின் பெயரைக் கூட்ட அறிக்கையில் எழுதுங்கள்.